பல்லிளித்த பெயின்ட், ஏமாற்றாத பிரேக்: பழைய ஜீப்போடு ஐந்து ஆண்டுகள்

வில்லிஸ் சிஜே-3பி ஜீப் ஒன்றை வாங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு ஆண்டுகள் அது ஓடவே இல்லை. நான்தான் அதன் அடியில் படுத்துக் கிடந்தேன். அப்புறம் மூன்று ஆண்டுகளாக மழை, சேறு, கல் பாதை என்று ஓட்டியாயிற்று. வாங்கும்போது எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை டயருக்குக் காற்றடிப்பது மட்டும்தான்.

இது 1953இல் வந்த மாடல். 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர். பெட்ரோல்-காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மேலேயும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு பக்கத்திலும் இருக்கும் எஞ்சின். அதன் உயரத்துக்கு இடம் கொடுக்கத்தான் பானெட்டைத் தூக்கி வைத்தார்கள். திறந்து பார்த்தால் எது எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடைப்பது கஷ்டம்.

ஆனால் முதல் நாளே மானம் போனது. இடது பக்கச் சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தேன். நட்டு மாட்டும் ஸ்டட் இரண்டு முறிந்தன. இந்தப் பழைய ஜீப்புகளில் இடது பக்க நட்டுகளுக்கு இடது மறை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் ஆயில் ஊற்றி, தினமும் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். பத்தாம் நாள் அசைந்து கொடுத்தது. அவசரப்பட்டு ஸ்டார்ட்டரைக் கொடுத்திருந்தால் உள்ளே என்னவெல்லாம் உடைந்திருக்குமோ!

துருவில்தான் நிறையத் தப்பு செய்தேன். கண்ணுக்குத் தெரிந்த பக்கத் தகடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டைகளைப் பட்டி வைத்து மூடி, பளபளவென்று பெயின்ட் அடித்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் அதே இடங்களில் கொப்புளம் கிளம்பியது. தகட்டின் பின்பக்கம் துரு அப்படியே இருந்திருக்கிறது. பட்டி அதன் மேல் ஒட்டிக்கொண்டு, ஈரத்தையும் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

தரைத் தகடு வேறு கதை. அதற்குக் கீழே தாங்கலாகக் குறுக்கே ஓடும் பெட்டி போன்ற பட்டைகளை ஸ்குரூடிரைவரால் குத்தினால், பிடி வரை உள்ளே போனது. வேறு வழியில்லாமல் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் போட்டு, உள்பக்கம் மெழுகுப் பூச்சு அடித்தோம். இன்று வரை அங்கே ஒரு புள்ளி துரு இல்லை. அந்த வேலைக்கு முன்பு பெட்ரோல் டேங்கை முழுசாக வெளியே எடுத்துவிட்டோம். இந்த வண்டியில் அது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. வைத்துக்கொண்டே வெல்டிங் போட யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காலி டேங்கில் தேங்கும் ஆவியே வெடிக்கப் போதும்.

சின்னச் சின்னப் பாகங்களுக்கு மின்சார முறை அருமை. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவை சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைப் பாகத்திலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். எவர்சில்வரை அந்த இரும்புக்குப் பதிலாக வைக்கக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் கலந்துவிடும். ஸ்பிரிங்குகளையும் இதில் போடவில்லை. ஹைட்ரஜன் ஏறினால் அவை நொறுங்கக்கூடும். எடுத்த உடனே துடைத்து பிரைமர் அடிக்காவிட்டால், கண்ணெதிரிலேயே மறுபடி செம்மை படரும்.

பிரேக் விஷயத்தில் மட்டும் பயம் என்னைக் காப்பாற்றியது. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றேதான், ஆயில் ஓடும் சர்க்யூட்டும் ஒன்றேதான். எங்கே ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போச்சு. அதனால் பைப், ஹோஸ் எல்லாம் புதுசு. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களில் ஒன்றை மட்டும் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று தேய்த்து மாட்டினேன். எட்டாவது மாதம் ஒழுகியது அதுதான். அதை மாற்றிய பிறகு தொல்லை இல்லை. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடைப்பேன்.

இன்னொரு கூத்து: வயரிங் முழுவதும் புதிதாகப் போட்டும் ஹெட்லைட் மினுக்கட்டாம்பூச்சி மாதிரி எரிந்தது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கரன்ட் வண்டியின் இரும்பு வழியே திரும்புவதற்கான எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் நான் பெயின்ட் அடித்திருந்தேன். சுரண்டியதும் வெளிச்சம் வந்துவிட்டது.

ஓட்டுவதற்குச் சொகுசு என்று எதுவும் கிடையாது. கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ முதல் கியரில் இல்லை, வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போட வேண்டும். ஸ்டியரிங் ஒரு யோசனைக்குப் பிறகுதான் திரும்பும். அறுபதுக்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஆனால் லோ கியரில் கல் பாதையில் ஏறும் நிதானம் இருக்கிறதே, அதற்காக இத்தனையையும் மன்னிக்கிறேன்.

இப்போது கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையில் மறுபடி ஒரு கொப்புளம். அடுத்த வாரம் கிரைண்டரை எடுக்கிறேன். பட்டி டப்பாவை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.