சிலிகான் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று சொல்லி மீன் தொட்டி சம்ப்பில் தண்ணீர் விடவைத்தார்கள். 16,300 ரூபாய் போச்சு

திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் கரகரவென்று கத்துகிற சத்தத்தில் எழுந்தேன். ஹாலில் கால் வைத்தால் தண்ணீர். இன்று வியாழன், இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

என்னிடம் நாலடித் தொட்டி, அதில் எட்டு டிஸ்கஸ் மீன்கள். கீழே பிளைவுட் அலமாரிக்குள் சம்ப், அதாவது மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படுகிற, அறை அறையாகத் தடுத்த கண்ணாடித் தொட்டி. அந்தத் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவதற்காகப் புதிதாக வாங்கிய பெரிய ரிட்டர்ன் மோட்டார் சம்ப்பின் கடைசி அறைக்குள் இறங்கவில்லை. நடுத் தடுப்புக் கண்ணாடியை இரண்டு அங்குலம் தள்ளி ஒட்டினால் போதும். மூன்று வருஷமாக இரை வாங்குகிற கடை, வீட்டுக்கே வந்து தொட்டி சர்வீஸும் பார்க்கிற கடை. "நம்ம பையனை அனுப்புறேன் சார், 3,500 போட்டுவிடுங்க" என்றார் கடைக்காரர். ஜிபேயில் அப்போதே போட்டேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆள் வந்தார். பழைய தடுப்பை பிளேடால் அவர் அறுத்து எடுத்த லாகவத்தைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. சிலிகான் பசையால் ஒட்டி முடித்து அரை மணி நேரம் கழித்து, அதன்மேல் விரலை வைத்துக் காட்டினார். விரலில் எதுவும் ஒட்டவில்லை.

"பாருங்க சார், காஞ்சிடுச்சு. நாளைக்கு இதே நேரம் தண்ணி விட்டுக்குங்க."

"ஒரு வாரம் விடணும்னு சொல்றாங்களேப்பா?"

"அதெல்லாம் பழைய சிலிகான் சார். இது குயிக் டிரை. நான் டெய்லி ரெண்டு தொட்டி ஒட்டுறேன்."

தினமும் அதே வேலை செய்கிறவர் சொல்கிறார், நம்பினேன். விரலில் ஒட்டாமல் இருந்தது மேல்தோல் மட்டும்தான். சிலிகான் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. ஒரு நாளைக்குச் சுமார் 2, 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். இவர் மூலையில் விரல் பருமனுக்கு அப்பியிருந்தார்! ஞாயிறு சாயங்காலம் அலமாரியைத் திறந்தபோது குப்பென்று வினிகர் நெடி. அந்த நெடி அடிக்கிறவரை சிலிகான் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது. போன் செய்து கேட்டேன். "அது அப்படித்தான் சார் இருக்கும், விடுங்க" என்றார். தண்ணீரை விட்டேன். சம்ப் ஓட ஆரம்பித்ததும், மேல் தொட்டியில் தற்காலிகமாகப் போட்டிருந்த ஏர் பம்பையும் எடுத்துவிட்டேன்.

தடுப்பை அறுத்தபோது வெளிக்கண்ணாடியின் அடிமூலையில் இருந்த சிலிகானையும் பிளேடு கீறியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுசைத் தடவியிருக்கிறார். பழைய சிலிகான்மேல் புதுசு சரியாகப் பிடிக்காது. அந்த மூலை வழியாகக் கடைசி அறை வடிந்து, மோட்டார் வறண்டு ஓடி எரிந்தது. மேல் தொட்டியில் தண்ணீர் அசைவே இல்லை. டிஸ்கஸுக்காக 29 டிகிரியில் வைத்திருந்த தண்ணீர். அந்தச் சூட்டில் பிராணவாயு தங்குவதே குறைவு. ஆறு மீன் போய்விட்டது. ஒன்று 1,500 வீதம் 9,000. மோட்டார் 3,800. கூலி 3,500. மொத்தம் 16,300 ரூபாய். ஊறிப்போன அலமாரியை இதில் சேர்க்கவில்லை.

காலையில் அந்தச் சிலிகானை நகத்தால் உரித்தேன். மேலே ரப்பர், உள்ளே பற்பசை மாதிரி கொழகொழ. குப்பைக்கூடையில் அவர் போட்டுவிட்டுப் போன காலி டியூபை எடுத்துப் பார்த்தால், குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்பு சிலிகான்! பூஞ்சையைக் கொல்லும் மருந்து கலந்தது. மீன் இருக்கிற தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாதது. மீன் விற்கிறவருக்கு இது தெரியாதா?

திங்கள் முழுக்க கடைக்காரர் போனை எடுக்கவில்லை. செவ்வாய், "பையன் ஊருக்குப் போயிருக்கான் சார், வந்ததும் கேக்கறேன்." படங்களை வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று நேரில் போனேன். வேறு ஆளுக்குக் கப்பி மீன் பாக்கெட் கட்டிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மீனுக்கெல்லாம் கேரண்டி கிடையாது சார். நீங்க மோட்டாரை சரியா வெச்சிருக்க மாட்டீங்க" என்றார். டியூபை எடுத்துக் காட்டினேன். "அது எங்களுதுதான்னு என்ன சார் ஆதாரம்? அடுத்த தடவை வாங்கறப்போ 500 குறைச்சுக்கறேன்." 16,300 ரூபாய்க்கு 500! நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியப்போகிறேன். என் கையில் பில் இல்லை, ஜிபே ரசீது மட்டும்தான் இருக்கிறது.

சம்ப்பை எப்படிச் சரியாக ஒட்டுவது என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. இது மட்டும்: டியூபை வாங்கி நீங்களே படியுங்கள், 'மீன் தொட்டிக்கு' என்று போட்டிருக்கணும். பழைய சிலிகானைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். யார் என்ன சொன்னாலும் ஏழு நாள் தண்ணீர் விடாதீர்கள், நெடி இருந்தால் இன்னும் பொறுங்கள். முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு நாள் பாருங்கள். ஏர் பம்பை எடுக்காதீர்கள். பில் வாங்குங்கள்.

மிச்சமிருக்கிற இரண்டு மீனும் பிளாஸ்டிக் டப்பில் இருக்கின்றன. தண்ணீர் மாற்றுகிற நேரம், போகிறேன்.