விஷுஆல்கோ: நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறை), அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் படிமுறை) எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இவற்றை அசையும் படமாகக் காட்டும் விஷுஆல்கோ தளத்தைத்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஹாலிம் தன் மாணவர்களுக்காக 2011இல் தொடங்கியது. கல்லூரிக் காலத்தில் பழகிய தளம். வேலைக்கு வந்த பிறகும் அடிக்கடி திறக்கிறேன்.

நம் எண்களை நாமே கொடுத்துப் பார்க்கலாம் என்பதே இதன் பெரிய பலம். பைனரி சர்ச் ட்ரீ (சிறிய எண் இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் என்று வைக்கும் மரம்) பக்கத்தில், காலி மரத்தில் 1 முதல் 7 வரை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். கிளையே விடாது, வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். 7ஐத் தேடினால் ஏழு எண்களையும் தொட்டாக வேண்டும். அப்புறம் எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவைக்கும் லிங்க்டு லிஸ்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே எண்களை, ஒரு பக்கம் சரியாமல் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் ஏவிஎல் மரத்தில் போடுங்கள். 3 வந்ததும் மரம் சுழன்று 2 மேலே ஏறும். கடைசியில் 4 உச்சிக்கு வந்துவிடும். 7 மூன்றே ஒப்பீட்டில் கிடைக்கும். பத்து லட்சம் எண்கள் என்றாலும் ஏவிஎல் மரம் 30 ஒப்பீட்டுக்குள் தேடி முடிக்கும். 'லாக் என்' (எண்கள் இரட்டிப்பானாலும் ஏறக்குறைய ஒரு படிதான் கூடும் என்ற கணக்கு) எவ்வளவு சிறியது என்பது எனக்கு உறைத்தது இந்தப் பக்கத்தில்தான்.

ரிகர்ஷன் (ஒரு செயல்பாடு தன்னையே திரும்ப அழைப்பது) பக்கமும் அருமை. ஃபிபோனாச்சி வரிசையில் (முந்தைய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்த எண்) 5ஆம் எண்ணைக் கேட்டால், 2ஆம் எண்ணுக்கான கணக்கையே மூன்று தடவை போடுவது கண்ணெதிரே தெரியும். ஒரு தடவை போட்ட கணக்கைச் சேமித்துவைத்துக்கொள்ளும் டைனமிக் புரோகிராமிங் எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும், கோட் எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. அதனால் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அடுத்து எது நகரும் என்று தாளில் எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போவேன். பிறகு தளத்தை மூடிவிட்டு பைத்தானில் நானே எழுதுவேன். இதைச் செய்ய நேரமில்லை என்றால் அன்றைக்குப் பார்க்காமலே விட்டுவிடலாம்.

குறைகளும் உண்டு. மொபைலில் சரிப்படாது, பெரிய திரை வேண்டும். ஒரு அல்காரிதம் ஏன் சரியான விடை தருகிறது என்பது அசையும் படத்தைப் பார்த்து மட்டும் பிடிபடாது. அதற்கு என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தானை வைத்து நடத்தும் பாடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லாமல் சொல்லித்தருவார்.

புதியவர்கள் சார்ட்டிங் (வரிசைப்படுத்துதல்), லிங்க்டு லிஸ்ட், ஹாஷ் டேபிள் (சாவியைக் கொடுத்தால் மதிப்பைச் சட்டென்று எடுக்கும் அட்டவணை), பைனரி சர்ச் ட்ரீ, பிஎஃப்எஸ் (வலைப்பின்னலில் அருகிலுள்ளவற்றை முதலில் தேடும் முறை) என்ற வரிசையில் போகலாம். எண் வரிசையின் ஒரு பகுதிக்கான கூட்டல் போன்றவற்றை வேகமாகச் சொல்லும் செக்மென்ட் ட்ரீ பக்கத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம்.