காட்பாடி மேக்கர்ஸ்பேஸ்: எட்டு மாத மேற்பார்வை டியூட்டிக்குப் பிறகு

காட்பாடி பக்கம் ஒரு பழைய ஷெட்டில் நடக்கிற மேக்கர்ஸ்பேஸில், அதாவது உறுப்பினர்கள் வந்து பொது மெஷின்களில் தாங்களே பொருள் செய்துகொள்ளும் பட்டறையில், எட்டு மாதமாக மேற்பார்வை டியூட்டி பார்க்கிறேன். மாதம் இரண்டு ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. சம்பளம் கிடையாது, அந்த மாத உறுப்பினர் கட்டணம் மட்டும் நான் கட்ட வேண்டியதில்லை. அங்கே சேரலாமா, டியூட்டிக்குப் பேர் கொடுக்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மெஷின்களில் குறை சொல்ல எதுவும் இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு லேசர் கட்டர் ஒன்று, 3டி பிரிண்டர் இரண்டு, டிரில்லிங் மெஷின், கிரைண்டர், சால்டரிங் மேசை. பிரிண்டர்கள் தொல்லை தராது, அதில் போடுகிற பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழைச் சுருளை மழைக்காலத்தில் வெளியே போட்டுவிட்டுப் போகாமல் இருந்தால் போதும்.

டியூட்டி நேரத்தில் பாதி லேசருக்கே போய்விடும். பழைய வட ஆற்காடு என்றாலே ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்கள், அதனால் நம்மிடம் வருகிறவர்கள் அக்ரிலிக்கைவிடத் தோலும் ரெக்ஸினும்தான் அதிகம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு நாள் ஆம்பூரிலிருந்து செருப்பு வேலை செய்யும் தம்பி ஒருவர் ரெக்ஸின் சுருளோடு வந்து, "அண்ணா, நாலே நாலு பீஸ்தான், டிசைன் ரெடியா இருக்கு" என்றார். ரெக்ஸினின் மேல்பூச்சு பெரும்பாலும் பி.வி.சி. அதை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், ஈரம் பட்டால் அது அமிலம், மூச்சுக்குழாயையும் அரிக்கும், மெஷினின் லென்ஸையும் இரும்புப் பாகங்களையும் அரிக்கும். வாயில் சொன்னால் நம்புவதற்குக் கஷ்டம் என்று வெளியே கூட்டிப்போய்ச் செய்தே காட்டினேன். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி ரெக்ஸினில் ஒரு தொடு தொட்டு, திரும்பவும் தீயில் காட்டினால் சுடர் பச்சையாக எரியும். பச்சை வந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், லேசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது, பஸ் ஏறி வந்தவர் இல்லையா. ஒருங்கிணைப்பாளருக்குப் போன் போட்டுப் பேசினார். அவர் ஒரே வரியில், "டியூட்டியில இருக்கிறவர் வேண்டாம்னா வேண்டாம்தான் தம்பி" என்று சொல்லிவிட்டார். இந்த இடத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். மறுக்கிற அதிகாரம் இல்லாமல் மேற்பார்வைக்கு ஒருவரை உட்கார வைத்தால் அவர் வாட்ச்மேன் மாதிரி பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அப்புறம் தம்பியின் டிசைனை கனமான அட்டையில் லேசரில் வெட்டிக் கொடுத்தோம், அதை ரெக்ஸின் மேல் வைத்துக் கத்தியால் கையாலேயே வெட்டிக்கொண்டார். ஒரு மணிக்குள் நாலு பீஸும் முடிந்தது.

தோலிலும் இதே கவனம் வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் என்றால் புகைபோக்கியை ஓட விட்டு வெட்டலாம். குரோமிய உப்பு போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாற வாய்ப்பு உண்டு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது டிரில்லிங் மெஷின். கையுறை போட்டால் பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அங்கே அதுதான் ஆபத்து, சுற்றுகிற பிட் கையுறையின் ஒரு நூலைப் பிடித்தால்கூட விரலையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, நீளக் கை, மோதிரம், கழுத்துச் சங்கிலி எதுவும் கிட்டே வரக் கூடாது. பிட்டை இறுக்குகிற சக் சாவியை மாட்டியபடியே விட்டு சுவிட்சைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும்.

இனி குறை. ஒரு டியூட்டிக்கு ஒரே ஆளைத்தான் போடுகிறார்கள், இது சரியில்லை. லேசர் ஓடும்போது பக்கத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும், அக்ரிலிக்கில் தீப் பிடிக்க ஒரு நிமிடம் ஆகாது. அதே நேரத்தில் ஷெட்டின் அந்தக் கோடியில் ஒருவர் கிரைண்டரை எடுத்தால் நான் எங்கே நிற்பது? போன மாதம் பதினோரு பேர் வந்திருந்தார்கள், லேசரை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தேன், காத்திருந்தவர்கள் கோபப்பட்டார்கள், அவர்கள் கோபம் நியாயம்தான். தீயணைப்பு சிலிண்டருக்கு ரீஃபில் தேதி தாண்டியிருந்ததை எழுதி வைத்த பிறகும் மாற்ற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் லேசரைத் திறக்கவில்லை.

கோடையில் இன்னொரு தொல்லை. வேலூர் வெயில் 40 டிகிரி தாண்டும்போது லேசர் டியூபைச் சுற்றி ஓடுகிற தண்ணீரும் சூடாகிவிடும். ஐஸ் பாட்டிலைத் தொட்டியில் போட்டுச் சமாளிக்கிறோம், அதிகம் போட்டால் டியூப் வெளிப்பக்கம் வியர்த்து வேறு பிரச்சினை வரும். பகல் பதினொன்றுக்கு மேல் பெரிய வேலை எதையும் எடுப்பதில்லை. அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன்.

உறுப்பினராகச் சேருங்கள், தயங்க வேண்டாம். டியூட்டிக்கு வருவதானால் இரண்டு சனிக்கிழமைப் பயிற்சியோடு நிறுத்தாமல், பழைய ஆள் ஒருவரோடு நாலு டியூட்டியாவது கூடவே நின்று பாருங்கள், இரண்டாவது ஆள் வேண்டும் என்று நீங்களும் கேளுங்கள். வரும்போது கால் மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டிய பொருளில் ஒரு சின்னத் துண்டு தனியாக எடுத்து வாருங்கள், செம்புக் கம்பி என்னிடம் இருக்கிறது.