ஏரோசில் 200: பிரைமர் போடுகிறவர்களுக்கு ஒரு நேர்மையான விமர்சனம்

ரெட் ஆக்சைடு பிரைமர் தயாரிக்கிற சின்ன யூனிட்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் புகார் ஒன்றுதான்: கடையில் சில மாதம் கிடந்த டின்னைத் திறந்தால் மேலே ரெசின் (பெயின்டைப் பிடித்து வைக்கும் பசை) மிதக்கிறது, அடியில் பிக்மென்ட் (நிறத் தூள்) கல்லாய் இறுகிக் கிடக்கிறது, பெயின்டர் குச்சி உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது. அடுத்த புகார், கேட்டிலும் கிரில்லிலும் அடித்தால் வழிகிறது என்பது. இரண்டுக்கும் சேர்த்து நான் போடுவது ஏரோசில் 200, ஃபியூம்டு சிலிக்கா எனும், தீயில் எரித்து எடுக்கும் மிக நுண்ணிய சிலிக்கா பவுடர். எவோனிக் கம்பெனிச் சரக்கு. இதே ரகத்தில் கேபோட்டின் கேபோசில் எம்-5, வாக்கரின் ஹெச்டிகே என்20 என்று வேறு பெயர்களும் உண்டு. கேபோட்டும் சன்மார் குழுமமும் கூட்டாக நம்ம மேட்டூரிலேயே ஃபியூம்டு சிலிக்கா தயாரிக்கிறார்கள், அது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் தடவை வாங்குகிறவர்கள் மூட்டையைப் பார்த்து அசந்துபோவார்கள். 10 கிலோ மூட்டைதான், ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். லிட்டருக்கு 50 கிராம் அளவுதான் எடை, அதாவது 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் நிறைய அள்ளினாலும் சுமார் ஒரு கிலோதான் தேறும். சிலிக்கான் டெட்ராகுளோரைடை ஹைட்ரஜன் தீயில் எரித்து எடுக்கும் பவுடர் இது. 1942-இல் ஜெர்மனியின் டெகுசா கம்பெனியில் ஹாரி க்ளோப்ஃபர் என்பவர் கார்பன் பிளாக்குக்கு மாற்றாக வெள்ளையாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது. ஒரு கிராமின் மேற்பரப்பு சுமார் 200 சதுர மீட்டர், பெயரில் இருக்கும் 200 அதுதான். அந்தப் பரப்பு முழுக்க இருக்கும் சிலனால் குழுக்கள் (சிலிக்கானோடு ஒட்டிய ஓஹெச் குழுக்கள்) ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரெசினுக்குள் வலை கட்டுகின்றன. பிரஷ் ஓடும்போது வலை அறுந்து பெயின்ட் இளகும், கையை எடுத்ததும் திரும்பக் கட்டிக்கொள்ளும், அதனால்தான் வழிவதில்லை, அடியில் இறுகுவதும் இல்லை.

ஆல்கைடு பிரைமரில் மொத்த எடைக்கு 0.5-இலிருந்து 1 சதவீதம் போதும். டின்னை நாள் கணக்கில் வைத்திருந்து திறந்தாலும் அடியில் இருப்பது மெத்தென்று இருக்கும், நாலு சுற்று கலக்கினால் சேர்ந்துவிடும். டால்க், கால்சியம் கார்பனேட் மாதிரி மலிவான நிரப்பிகளோடு விலையை ஒப்பிட்டுப் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் இந்த அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்போது லிட்டருக்கு ஏறுவது பெரிதாகத் தெரியாது.

ஆனால் ஒன்று, இதைக் கலக்கத் தெரிய வேண்டும். முடிந்த பெயின்டில் கடைசியாக ஒரு கை அள்ளிப் போட்டுக் கிண்டினால் குருணை குருணையாக நிற்கும், ஃபிலிமில் முள் முள்ளாகத் தெரியும், அப்புறம் சரக்கைத் திட்டுவார்கள். முதலில் ரெசினும் கொஞ்சம் தின்னரும், அதில் ஏரோசில், நன்றாக நனைந்து கெட்டியானதும் வேகம் ஏற்றி அரைத்து, பிறகுதான் பிக்மென்ட். தின்னரை மொத்தமாக முதலிலேயே ஊற்றிவிட்டால் கலவை தண்ணியாகி அரைபடாது. பிளேடின் விளிம்பு நொடிக்கு 10 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிமீட்டர் பிளேடு 1000 ஆர்பிஎம்-இல் ஓடினால் அது கிடைத்துவிடும். டிரில் மெஷினில் சின்னக் கலக்கியை மாட்டிக்கொண்டு 1440 ஆர்பிஎம் ஓடுகிறதே என்று நினைத்தால், 60 மில்லிமீட்டர் பிளேடுக்கு அது ஐந்து மீட்டரைக்கூடத் தொடாது. டிஸ்பர்சர் (அதிவேகமாக அரைத்துக் கலக்கும் மெஷின்) இல்லாத யூனிட் இதை வாங்குவதில் அர்த்தமே இல்லை. ஹெக்மன் கேஜில் (துகள் எவ்வளவு நுண்ணியதாக அரைபட்டது என்று காட்டும் அளவுகோல்) இழுத்துப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

பளபளப்பு எனாமலில் கை அடக்கமாகப் போடுங்கள், அளவு கூடினால் பளபளப்பு குறையும். கிளியர் கோட்டில் நல்ல பிள்ளை, ஒளிவிலகல் எண் 1.46, ரெசினுக்குப் பக்கத்தில் இருப்பதால் மங்கல் பெரிதாகத் தெரியாது.

எபாக்ஸிக்கு 200 கிரேடை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எபாக்ஸி, அமைன் ஹார்டனர் போன்ற போலார் சமாச்சாரங்கள் அந்த சிலனால் குழுக்களைத் தாங்களே பிடித்துக்கொள்ளும், வலை கட்டவே விடாது, கட்டினாலும் ஸ்டோரேஜில் தளர்ந்துபோகும். அங்கே மேற்பரப்பை சிலிகோனால் பூசிய ஏரோசில் ஆர்202 கிரேடுதான் ஆள். பவுடர் கோட்டிங்கில் மூட்டைக்குள் கட்டி தட்டாமல் இருக்க ஆர்972-ஐ உலர்வாகக் கொஞ்சமே கொஞ்சம் தூவுவார்கள், அது தனி உபயோகம். பாலியூரிதேனில் ஐசோசயனேட் (ஹார்டனர்) பக்கம் போடுவதானால் ஈரம் இல்லாத, பூசிய கிரேடுதான் பார்க்க வேண்டும், சாதா கிரேடு பிடித்து வைத்திருக்கும் ஈரம் அதோடு வினை செய்யும்.

தூசி பெரிய தொல்லை. மூட்டையைத் தூக்கி அப்படியே கொட்டினால் ஷெட் முழுக்கப் புகையாகிவிடும். இது குவார்ட்ஸ் தூள் மாதிரிப் படிகச் சிலிக்கா இல்லை என்பது நிம்மதி, ஆனாலும் மாஸ்க் இல்லாமல் நிற்காதீர்கள், தொண்டையும் கையும் வறண்டுபோகும். இன்னொன்று, பவுடர் சரிந்து விழும்போது ஸ்டாட்டிக் ஏறும், கீழே இருப்பதோ எம்டிஓ (மினரல் டர்பென்டைன்), சைலீன் மாதிரி தீப்பிடிக்கும் தின்னர். டிரம்மை எர்த் பண்ணாமல் கொட்டுவது தற்கொலைக்குச் சமம்.

கடைசியாக டீலர் விஷயம். பிரித்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் எனக்கு விற்ற ஒருவர் தந்தது ஃபியூம்டு சிலிக்காவே இல்லை, சோடியம் சிலிகேட்டிலிருந்து எடுக்கும் பிரெசிபிடேட்டட் சிலிக்கா. இரண்டும் வெள்ளைதான், கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடிபடாது. நல்ல தண்ணீரில் நாலு சதவீதம் கலக்கி பிஹெச் பேப்பரை நனையுங்கள்: ஏரோசில் 200 நாலுக்குப் பக்கத்தில் காட்டும், தயாரிப்பில் மிச்சமாகும் அமிலத்தால். மற்றது பெரும்பாலும் ஆறு, ஏழு காட்டும். தண்ணீரில் நனையாமல் மேலேயே மிதந்தால் கையில் இருப்பது பூசிய கிரேடு. 105 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து எடை பாருங்கள், 200 கிரேடில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, குறைந்தால் ஈரம் ஏறிய பழைய சரக்கு அல்லது வேறு சரக்கு. சீல் உடைக்காத 10 கிலோ மூட்டையும் அந்த பேட்ச்சின் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டும் தர முடியாது என்றால் நான் வாங்குவதில்லை, எவ்வளவு விலை குறைத்தாலும் சரி.