மலிவு மருந்துக்கடைகள்: விலை நன்று, பில்லைக் கேட்டு வாங்குங்க

கோவை, திருப்பூர், ஈரோடு என்று நம்ம பக்கம் எங்கே போனாலும் இப்போது இரண்டு வகை மலிவு மருந்துக்கடை கண்ணில் படுகிறது. 2008-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் மக்கள் மருந்தகம் ஒன்று. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகம் இன்னொன்று. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் வீடுகளுக்கு இவை பெரிய ஆறுதல். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோளாறுக்கு இடம் இருப்பது பில்லில். முதல்வர் மருந்தகம் தொடங்கும் தொழில்முனைவோருக்கு அரசு 3 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. மக்கள் மருந்தகம் நடத்துபவருக்கு விற்பனை லாபம் போக, மாதக் கொள்முதலை வைத்து ஊக்கத்தொகையும் உண்டு. சரக்கு நோயாளி கைக்குப் போனதா என்பதற்குப் பில்லை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதனால்தான் வராத ஆள் பேரில் பில் போட்டுச் சரக்கை வேறு கடைக்குத் தள்ளிவிடும் தில்லுமுல்லுக்கு வழி பிறக்கிறது. இன்னொன்று, போர்டு அரசுத் திட்டத்தினுடையது, கொடுக்கும் மாத்திரை அட்டையோ வெளிமார்க்கெட் ஜெனரிக், அதாவது பெரிய பிராண்ட் பேர் இல்லாத மலிவு வகை. அந்த அட்டையில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் வாங்கிய விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும், ஆசை அங்கேதான். மக்கள் மருந்தக அட்டையில் திட்டத்தின் சின்னம் இருக்கும். விலையை ‘ஜன் ஔஷதி சுகம்’ செயலியில் சரிபார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? மருந்து விதிகள் 1945-ல் விதி 65-ஐப் பிடித்துக்கொண்டால் போதும். மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேர்ப்பார்வையில்தான் நடக்க வேண்டும். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு ஆள் வராத கடை அங்கேயே விதியை மீறுகிறது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய ‘அட்டவணை எச்’ மருந்தானால் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்), காலாவதித் தேதி பதிவாக வேண்டும். அதைவிடக் கட்டுப்பாடு கூடிய ‘எச்1’ மருந்துக்குத் தனிப் பதிவேடு, அதை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இஎஸ்ஐக்கோ (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) அரசு ஆஸ்பத்திரிக்கோ என்று குறியிட்டு வந்த மருந்தைத் தனியார் கடை விற்கக்கூடாது, இருப்பிலும் வைக்கக்கூடாது, அது 65(18). மில்லும் பனியன் கம்பெனியும் நிறைந்த, இஎஸ்ஐ அட்டை பல வீடுகளில் இருக்கும் நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். மீறினால் விதி 66-ன்படி உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம்.

ஆனால் இந்த விதிகள் மருந்தின் தரத்தையும் விற்பனையையும் பார்க்க எழுதியவை. மானியக் கணக்கை நோயாளியின் பில்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை இவை கட்டாயமாக்கவில்லை. பொய் பில் பிடிபட்டால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318, அதாவது மோசடி வழக்குக்குத்தான் போக வேண்டும். அங்கே ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டும், கேஸ் இழுக்கும். ஒவ்வொரு பில்லிலும் பேட்ச் எண் ஏறி, அது கொள்முதலோடு தானாகவே பொருந்தும்படி விதியை மாற்றினால் பாதித் திருட்டு எழும்போதே அடங்கும்.

கடையில் செய்ய வேண்டியது இது. பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால், பேட்ச் எண்ணும் தேதியும் அச்சான ஓரம் உங்கள் துண்டில் வராமல் போகலாம். அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. மாத்திரையை எண்ணிப் பாருங்க. பில்லில் உள்ள எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் வந்தால் அட்டையைத் தூக்கிப் போடாமல் பில்லோடு சேர்த்து மருந்து ஆய்வாளரிடம் கொடுங்க. மருந்துச் சட்டம் 1940-ன் பிரிவு 26-ன்படி, விலைக்கு வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அதை அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனைக்கு அனுப்பி அறிக்கை பெறலாம். விலைக்கு வாங்கினீங்க என்று காட்ட அந்தப் பில் வேண்டும்.