பரேட்டோவா, கன்ட்ரோல் சார்ட்டா?

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் குவாலிட்டி வேலைக்குச் சேரும் பசங்க, பரேட்டோ சார்ட், கன்ட்ரோல் சார்ட் என்ற இந்த இரண்டு வரைபடங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு.

பரேட்டோ சுலபம். தையல் விட்டது, பசை வழிந்தது, தோலில் கீறல் என்று ரிஜெக்ட் ஆனதை வகை பிரித்து எண்ணி, இறங்குவரிசையில் பட்டை வரைந்து, மேலே கூட்டுச் சதவீதக் கோடு இழுத்தால் எதை முதலில் பிடிப்பது என்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையில் பெரியது செலவிலும் பெரியதாக இருக்கவேண்டியதில்லை. பசையைத் துடைத்துவிடலாம், கீறல் விழுந்த தோலை என்ன செய்வது? அதனால் ரூபாய்க்கணக்கிலும் ஒன்று வரைந்து பாருங்கள்.

பரேட்டோவில் நேரம் கிடையாது. காலையில் ஒழுங்காக ஓடிய மெஷின் மதியத்துக்கு மேல் தடம் மாறியதை அது சொல்லாது. அதற்குத்தான் 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வால்ட்டர் ஷூஹார்ட் கொண்டுவந்த கன்ட்ரோல் சார்ட். மணிக்கு ஐந்து துண்டு எடுத்துத் தோலின் தடிமனை அளந்து, சராசரியை ஒரு சார்ட்டிலும் வீச்சை (அந்த ஐந்தில் பெரிய அளவுக்கும் சின்ன அளவுக்கும் உள்ள வித்தியாசம்) இன்னொன்றிலும் குறிக்கவேண்டும். எல்லைக்கோடுகள் நடுக்கோட்டிலிருந்து மூன்று சிக்மா தள்ளி இருக்கும்; சிக்மா என்பது புள்ளிகள் வழக்கமாக எவ்வளவு சிதறும் என்பதன் அளவு. புள்ளி வெளியே போனாலோ, எட்டுப் புள்ளி தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தாலோ காரணம் தேடுங்கள். இல்லையென்றால் மெஷினில் கை வைக்காதீர்கள். பையர், அதாவது சரக்கு வாங்குகிறவர், கொடுத்த டாலரன்ஸையே (அவர் ஏற்றுக்கொள்ளும் அளவு வரம்பு) எல்லைக்கோடாகப் போடுகிறவர்களும் உண்டு, அது சுத்தத் தப்பு, கோடு மெஷினின் சொந்த டேட்டாவிலிருந்துதான் வரவேண்டும்.

என்னைக் கேட்டால், சின்ன யூனிட்டுக்கு முதலில் பரேட்டோ போதும். அப்புறம் அதில் முதலிடம் பிடித்த குறை ஏதாவது அளவு மாறுவதால் வருகிறது என்றால், அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் கன்ட்ரோல் சார்ட் மாட்டுங்கள். எல்லா மெஷினிலும் தொங்கவிட்டால், ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து புள்ளி வைக்கும் கதைதான் நடக்கும்.