டிக் இருக்கிறது, கிணறு எங்கே? கியூஜிஐஎஸ் லேயர் மரத்தோடு சில வருடங்கள்

வவுனியாவில் கியூஜிஐஎஸ்ஸில் வரைபடம் வரையும் நண்பன் ஒருவன் கேட்டான்: "லேயர்களை மவுஸால் அணைத்து அணைத்து அலுத்துவிட்டது. பைதான் நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் நிம்மதிதானே?" தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினேன். குரல் உயர்ந்துகொண்டே போனதால் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கியூஜிஐஎஸ் வரைபடம் செய்யும் மென்பொருள், காசு கேட்காது என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் பேசப்போவது இடப்பக்கம் நிற்கும் லேயர் மரத்தை, அதாவது படத்தின் அடுக்குகளும் அவற்றைச் சேர்த்து வைக்கும் குழுக்களும் டிக் பெட்டிகளோடு நிற்கும் பட்டியலை, ஸ்கிரிப்ட் வழியாகத் தொடுவதைப் பற்றி மட்டுமே.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தோடு சரி. சுண்ணக்கல்லுக்குள் கிடக்கும் நீரை நம்பித்தான் தோட்டமும் குசினியும். ஆகவே யார் என்ன படம் கேட்டு வந்தாலும் அதில் கிணறு இருந்தாக வேண்டும். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகள், அவற்றுக்குள் 435 கிராம அலுவலர் பிரிவுகள். மரத்தையும் அந்த ஒழுங்கிலேயே அடுக்கியிருக்கிறேன். உடுவிலுக்குள் இணுவில், சுன்னாகம் பக்கத்துப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் கிணறுகள், ஒழுங்கைகள், தோட்டக் காணிகள். இத்தனையையும் மவுஸால் டிக் செய்துகொண்டு மினக்கெட முடியாது. ஸ்கிரிப்ட் வேண்டும்தான்.

எரிச்சல் இங்கேதான் தொடங்குகிறது. இணுவில் கிணறுகளுக்கு டிக் போடச் சொல்கிறேன். போட்டுவிடுகிறது. டிக் இருக்கிறதா என்று கேட்டால் 'ட்ரூ', ஆம், என்கிறது. படத்தில் ஒரு கிணறும் இல்லை. மேலே உடுவில் குழு அணைந்து கிடக்கிறது. மெயின் சுவிட்ச் விழுந்த வீட்டில் அறைச் சுவிட்சைப் போட்ட கதை. 'ஐட்டம் விசிபிலிட்டி செக்ட்' என்று கேட்டால் அந்தப் பெட்டியில் டிக் உண்டா என்பதற்கு மட்டுமே பதில் வரும். உண்மையில் கண்ணுக்குத் தெரிகிறதா என்று அறிய 'இஸ் விசிபிள்' என்று தனியாகக் கேட்க வேண்டும். அதுதான் மேலுள்ள குழுக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்.

சரி, மேலுள்ளவற்றையும் சேர்த்து ஏற்றும் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வால் பகுதியில் 'பேரன்ட் ரிகர்சிவ்' என்று நீளும் பெயர். அதைக் கொடுத்தால் இணுவில் கிணறுகள் வந்துவிடும். கூடவே, உடுவில் குழு ஏறிய கையோடு, சுன்னாகத்தில் எப்போதோ டிக் போட்டு மறந்த ஒழுங்கைகளும் அழைக்காமலே வந்து நிற்கும். இணுவில் படத்தில் சுன்னாகத்து ஒழுங்கை எதற்கு? முதலில் வேரிலிருந்து, அதாவது மரத்தின் உச்சிக் குழுவிலிருந்து, எல்லாவற்றையும் அணைத்து, பிறகு வேண்டியதை மட்டும் ஏற்றலாம். அப்படிச் செய்தால், பார்த்துப் பார்த்துப் போட்ட டிக்குகள் அத்தனையும் போய்விடும்.

நியாயமாகச் சொன்னால், இந்த அமைப்பின் அருமையும் இதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் பதிப்புத் தொடரில் குழுவுக்குப் பாதி டிக் என்று ஒரு நிலை இருந்தது. குழுவைத் தொட்டால் உள்ளிருக்கும் பிள்ளைகள் அனைத்தும் ஒரே நிலைக்குப் போய்விடும். 2018 இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை ஒழித்தது. இப்போது கோப்பாயை அணைத்து, சாவகச்சேரி வேலையை முடித்துவிட்டு மறுபடி ஏற்றினால், உள்ளே எது எப்படிக் கிடந்ததோ அது அப்படியே திரும்பி வருகிறது. இதைவிட ஒழுங்கான அமைப்பை யோசிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

கோபத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 'கிணறுகள்' என்ற பெயரில் குழுவைத் தேடித் தா என்றால், மரத்தில் முதலில் அகப்படும் கிணறுகளை எடுத்து நீட்டும். அதே பெயரில் இன்னும் எத்தனை இருந்தாலும் வாய் திறக்காது.

கடைசியில் காப்பாற்றியது மேப் தீம். இன்ன நேரத்தில் எந்த லேயர் தெரிந்தது, எந்தப் பாணியில் தெரிந்தது என்பதை ஒரு பெயரில் சேமித்து வைக்கலாம். அதை ஸ்கிரிப்டில் மீட்கும்போது தீமின் பெயரும் வேரும் மட்டும் போதாது, மரத்தின் மாடலையும் (மரத்தைத் திரையில் காட்டும் பொருள்) கையில் கொடுக்க வேண்டும். அது ஏனோ. ஆனால் அச்சுப் பக்கத்தில் ஒரு படத்தை இன்ன தீமையே பின்பற்று என்று கட்டிவிட்டால், திரையில் நான் எதை அணைத்து ஏற்றினாலும் அச்சில் போகும் படம் அசையாது. ஸ்கிரிப்ட் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. தீமைச் சேமித்த பின் சேர்த்த புது லேயர் அதில் இராது, அவ்வளவுதான்.

ஆகவே நண்பனுக்கு: மென்பொருளைத் தாராளமாக எடு, லேயர் மரத்தைப் போல ஒன்று வேறெங்கும் கிடைக்காது, ஆனால் அதற்கு ஸ்கிரிப்ட் எழுதாதே. நான் எழுதி வைத்தவை ஒரு கோப்புறையில் கிடக்கின்றன. இந்த மாதம் திறக்கும் எண்ணம் இல்லை. கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு குழுவின் பெட்டியைக் கிளிக் செய்தால் உள்ளிருப்பவை எல்லாம் ஒரேயடியாக ஏறும், இறங்கும். வவுனியாவில் உனக்குக் கிணற்றைவிடக் குளங்கள்தான் அதிகம். ஒவ்வொரு குழுவுக்கும் வெறுமனே 'குளங்கள்' என்று பெயர் வைக்காமல் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துவிடு. என்றைக்காவது என் பேச்சைக் கேட்காமல் எழுதத்தான் போகிறாய்.